எனக்குத் தெரியாத அந்தப் பூ வாசம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்.எஸ்.புரத்து மருத்துவமனை ஒன்றில், என் பேத்தி வயதிருக்கும் ஒரு பெண் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து என் மூக்கின் கீழ் நீட்டினாள். "கண்ண மூடிக்கங்க பாட்டி. என்ன வாசம்னு சொல்லுங்க." என்னைப் பாட்டி என்றழைக்க அவளுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டிருப்பேன். மகன் சீனு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டேன். கிராம்பைச் சொன்னேன். எலுமிச்சையைச் சொன்னேன். சோம்புக்கும் புதினாவுக்கும் கொஞ்சம் யோசித்தேன், ஆனால் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு குப்பி வந்தது. காத்திருந்தேன். மூடியைக் கழற்ற மறந்துவிட்டாளோ என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். மூடி அவள் இடது கையில்தான் இருந்தது.

"வெறும் தண்ணியை வெச்சு என்னை ஏமாத்திப் பாக்கறயாம்மா?" என்றேன்.

மருமகள் வித்யா அதை வாங்கி முகர்ந்தாள். "ஐயோ அத்தை, என்ன வாசம்! ஏதோ பூவுங்க. நல்ல டீத்தூள் டப்பாவைப் புதுசாத் திறந்தா வருமே, அந்த மாதிரியும் இருக்குது." சீனுவும் முகர்ந்தான். மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தான். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் அவன் அப்பாவும் இப்படித்தான் கையில் கிடைத்ததை மூடிவைப்பார்.

அந்தக் குப்பியில் இருந்தது என்ன என்று அந்தப் பெண் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. செடியின் மஞ்சள் நிறத்தை நொதி வெட்டும்போது பறந்துபோகும் ஓரத்துண்டு. அயோனோன் என்ற வாசப்பொருள். அந்த ஒரு வாசம் எனக்குப் பிறவியிலிருந்தே இல்லை. இந்த உலகத்தில் அந்த விஷயம் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி, என் சிநேகிதி நீ. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டிய நேரத்தில் நீ இல்லை என்ற கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எதற்காக இந்தப் பரிசோதனை என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு காலையில் நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு வரும் சரசு, உனக்குத் தெரிந்த அதே சரசுதான், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கத்தினாள். "அம்மா! கேஸு நாறுதுங்க! எந்திரிச்சு வெளிய வாங்க!" அவள் ஓடிவந்து சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் நிறுத்தினாள். அடுப்புக்குப் போகும் குழாயில் வெடிப்பு. நான் அந்தக் குழாயிலிருந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து மாநகராட்சி குழி தோண்டிய செய்தியைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரசு சொல்லாமல் இருந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் சீனுவுக்குப் போன் செய்துவிட்டார். அன்று மாலையே பெருந்துறையிலிருந்து வந்துவிட்டான். அங்கே அவன் பட்டறைக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டியிருக்கிறான். அதில் எனக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறான். கட்டிலுக்குப் பக்கத்தில் அழுத்தினால் ஒலிக்கும் மணி ஒன்று வைத்திருக்கிறானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் அந்த மணிக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதுதான் பேச்சு. நான் மறுத்தேன். அப்படியானால் மூக்கை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றான். தாராளமாக என்றேன். நெய்யில் கலப்படத்தை டப்பாவைத் திறக்கும்போதே சொல்கிற மூக்கு இது. பயம் எதற்கு?

அப்படிப் போய்த்தான் அந்தக் குப்பியிடம் மாட்டிக்கொண்டேன். மற்றவை பரவாயில்லை, ஒன்று மட்டும் சுத்தமாகத் தெரியவில்லை, இரண்டில் தடுமாற்றம் என்றார் டாக்டர். காரில் திரும்பும்போது சீனுவிடம் சொன்னேன்.

"அந்த வாசம் எனக்கு எப்பவுமே தெரியாது, சீனு. பொறவியிலயே இல்ல. அதைக் கணக்குல சேக்காதே."

"ஏனுங்கம்மா இப்படிப் பேசறீங்க?" வண்டியை ஓரமாக நிறுத்தியே விட்டான். "வால்பாறைல விருந்தாளிங்க வந்தா நீங்கதானுங்க கப்பைக் கையில குடுத்து, 'குடிக்காதீங்க, முதல்ல மோந்து பாருங்க, பூ வாசம் வரும்'னு சொல்லுவீங்க? நான் கேட்டு வளந்தவனுங்கம்மா. இப்ப பொறவியில இருந்தே தெரியாதுன்னா?"

வித்யா பின்சீட்டில் இருந்து என் தோளைத் தொட்டாள். அந்தத் தொடுதல்தான் என்னை மிகவும் வருத்தியது. பொய் சொல்லும் குழந்தையைப் பெரியவர்கள் தொடுகிற மாதிரி இருந்தது.

அவனைக் குற்றம் சொல்ல முடியுமா, சொல். எஸ்டேட் மேனேஜரின் மனைவி என்பது சம்பளமில்லாத ஒரு வேலை. பங்களாவுக்கு வருகிறவர்களிடம் நம் ஃபேக்டரித் தேயிலையைப் பாராட்டுவது அந்த வேலையில் ஒரு பகுதி. வாயில் சொன்னதை மூக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நீ வந்த அந்த மழைக்காலம் வரை, அந்த வாசம் என் மூக்குக்கு இல்லை என்பது எனக்கே தெரியாது. எல்லாரும் என்னைப் போல மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ வந்தது உனக்கு நினைவிருக்கும். கோவையில் கல்லூரி விரிவுரையாளர், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாய், வாடும் தேயிலை வேண்டும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் வாந்தியெடுத்து, முகம் வெளுத்து, ஆனால் புடவை மடிப்புக் கலையாமல் வந்து நின்றாய். நாம் கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் மில் முதலாளி வீட்டிலிருந்து காரில் வருகிறவள். நீ ஹாஸ்டலில் இருப்பவள். உன் அம்மா அதே மலையில் வேறொரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அறிவியலில் நீ முதல், நான் இரண்டாவது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

வந்ததும் காப்பிகூடக் குடிக்கவில்லை. "அம்முணி, இட்லிப் பானை இருந்தாக் குடு."

"வந்ததும் வராததுமா இட்லியா?"

"எனக்கில்ல. இலைக்கு."

காலையில் பறித்த கொழுந்தை இரண்டு பாகமாகப் பிரித்தாய். ஒரு பாகத்தை இட்லித் தட்டில் பரப்பி ஆவியில் வேகவைத்தாய். இன்னொரு பாகத்தைத் துணி விரித்து வாட விட்டாய். என் கணவர் ஃபேக்டரியிலிருந்து வந்தவர், இட்லிப் பானையிலிருந்து தேயிலை எடுப்பதைப் பார்த்து, "புரொபசரம்மா, தொட்டுக்கச் சட்னி வேணுங்களா?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. வேலையின் நடுவில் நீ சிரிக்க மாட்டாய்.

"பறிச்ச இலை செத்துப்போச்சுன்னு நெனைக்கறீங்க. சாகலீங்க" என்று அவரிடம் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, என்னிடம் பேசும் பேச்சில் தொடர்ந்தாய். "பச்சைக்கு அடியில மஞ்சள் ஒளிஞ்சிருக்கு, அம்முணி. கேரட்ல இருக்கறது, பப்பாளில இருக்கறது, அந்தக் கூட்டம். கரோட்டினாய்டுன்னு பேரு. இலை வாட வாட, உள்ள இருக்கற தடுப்பெல்லாம் தளந்துபோகுது. நொதி அந்த மஞ்சள்கிட்ட வந்து வெட்டுது. கண்ட எடத்துல வெட்டாது. ஜவுளிக்கடைக்காரன் மாதிரி அளந்து, இந்த எடம்னு பாத்து வெட்டும். வெட்டுன ஓரத்துண்டு லேசு. பறந்துருது. அது மூக்குல வந்து பட்டா, பூ வாசம்."

"அப்ப மஞ்சள்?"

"கொறஞ்சுபோகும். நிறம் போனாத்தான் இந்த வாசம் வரும். ரெண்டையும் கையில வெச்சுக்க முடியாது."

"வேகவெச்ச இலை?"

"ஆவியில நொதி செத்துப்போயிருச்சு. வெட்டறதுக்கு ஆள் இல்ல. மஞ்சள் அப்படியே பத்திரமா இருக்கும். பூ மட்டும் வராது."

மறுநாள் காலை நீ துணியைப் பிரித்தபோது என் கணவர் கண்களை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். "இதுதானுங்க. இதுக்குத்தான் நான் ஃபேக்டரில சண்டை போடறது. இலையை இன்னும் கொஞ்ச நேரம் வாட விடுங்கடான்னா கேக்க மாட்டேங்கறாங்க." என் மாமியார் பூஜையறையிலிருந்து வெளியே வந்து, "யாரு பூக் கொண்டாந்தது?" என்றார். நான் குனிந்து முகர்ந்தேன். ஈர வைக்கோல். வெட்டிய புல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவர்கள் போன பிறகு உன்னிடம் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறீர்களா என்று கேட்டேன். நீ கல்லூரியிலிருந்து கொண்டு வந்திருந்த, அதே வாசம் அடைத்த ஒரு சின்னக் குப்பியைப் பையிலிருந்து எடுத்தாய். "மூணு தம்ளர் கொண்டா. மூணும் ஒரே மாதிரி இருக்கோணும். துளி வித்தியாசம் இருக்கப்படாது."

எங்கள் வீட்டில் உனக்கென்று என் மாமியார் தனியாக ஒரு கண்ணாடித் தம்ளர் வைத்திருந்தார். அது எங்கே இருக்கும் என்பதும் உனக்குத் தெரியும். நான் உள் அலமாரியைத் திறந்து மூன்று வெள்ளித் தம்ளர்களைக் கொண்டுவந்தேன். அவை மட்டும்தான் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. மாமியார் வாசற்படியில் நின்று, "அது வெள்ளியாச்சே" என்றார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லதுங்க அத்தை. வெள்ளிக்குத் தனியா வாசம் இருக்காது" என்றாய். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடித் தம்ளர் அடுக்களைக்கு வரவில்லை. அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

மூன்றிலும் தண்ணீர். ஒன்றில் மட்டும் அந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. நான் கண்ணை மூடிக்கொள்வேன், நீ இடம் மாற்றி மாற்றி வைப்பாய். எது வேறு என்று நான் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பத் தவறாகச் சொன்னேன். சில தடவை சரியாகச் சொன்னபோது, "இது குருட்டாம்போக்கு, சேத்துக்க மாட்டேன்" என்றாய். கடைசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ தம்ளர்களை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"உன்ற மூக்குல ஒரு கொறையும் இல்ல. இது ஒரு சாவி. உங்கிட்ட இதுக்குப் பூட்டு இல்ல. அவ்வளவுதான். இப்படி நெறையப் பேரு இருக்காங்க. அவங்களுக்கே தெரியாது. ஏன்னா யாரும் கேக்கறதில்ல."

"இது வெளிய போகப்படாது."

"யாருகிட்டப் போயி நான் சொல்லப்போறேன்?"

"அவருகிட்டக்கூட. சத்தியம் பண்ணு."

"பைபிள் மேலயா, உங்க பெருமாள் மேலயா?"

"ரெண்டு மேலயும்."

அப்போதுதான் நீ சிரித்தாய். "அடி ஆத்தா! உங்க ஊட்டுல மூக்குக்குக்கூட மானமா!"

நீ வாக்குக் காப்பாற்றினாய். என் கணவர் தேயிலைத் தட்டை முகர்ந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் அவருக்குத் தேவையாகவும் இருந்தது. ஃபேக்டரியில் யாரும் அவர் பேச்சைக் கேட்காத நாட்களில் வீட்டிலாவது ஒருத்தி ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா. அவர் போய்ச் சேர்ந்தபோதும், தன் மனைவிக்கு அந்தப் பூ வாசம் தெரியும் என்றே நம்பிப் போனார். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. இப்போது என் பக்கம் பேச ஒரு ஆள்கூட இல்லையே என்பதுதான் வருத்தம்.

நாங்கள் மலையிறங்கி இந்த வீட்டுக்கு வந்த பிறகு நீ சிங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருவாய். ஒருமுறை நான் அல்வாவுக்குக் கேரட் துருவிக்கொண்டிருந்தேன். நீ ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டு, "இதே மஞ்சள்தான். இலையில ஓரத்துல வெட்டுனா வாசம். நம்ம குடல்ல இருக்கற நொதி சரி நடுவுல வெட்டும். நடுவுல வெட்டுனா வைட்டமின் ஏ. அது இல்லைன்னா பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது. ஒரே நூலு. எங்க வெட்டறாங்கங்கறதுதான் விசயம்" என்றாய். சாமி படத்துக்கு வைத்திருந்த செண்டுமல்லியைக் காட்டினாய். "இதுல வெட்டவே இல்ல. நூலோட ரெண்டு முனையிலயும் கொஞ்சமா ஆக்சிஜனை ஒட்டவெச்சிருக்கு. இது அப்படியே போயி நம்ம கண்ணு நடுவுல மஞ்சளா உக்காந்துக்குது." நீ பேசும்போது என் அடுக்களையில் இருந்த எல்லாவற்றுக்கும் உள்ளே யாரோ கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றும். நான் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "கேரட்டைத் தின்னுட்டே இருந்தா அல்வாவுக்கு என்ன மிஞ்சும்?" என்று மட்டும் கேட்டேன்.

பிறகு அந்தத் தொலைபேசி அழைப்பு. வழக்கமாக நீ பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வாய். அன்று செருமவில்லை.

"அம்முணி, டீ வாசம் போயிருச்சு."

"சளி புடிச்சிருக்கும். ஆவி புடி."

"புடிச்சேன். மல்லியும் இல்ல. இப்ப நீயும் நானும் ஒண்ணு."

உடனே நீயே திருத்திக்கொண்டாய். "இல்ல, ஒண்ணு இல்ல. உனக்கு இருந்ததே இல்ல, அதனால நீ தேட மாட்டே. நான் தேடறேன்."

அடுத்து உன் வலது கை. பிறகு நடை. காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தாய். நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார்கள். சிலருக்குக் கை நடுங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே மூக்கு போய்விடும் என்று உன் டாக்டர் சொன்னதாக, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னாய். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு உன் தட்டில் இன்னொரு வடை வைத்தேன்.

நடுக்குவாதம் என்ற அந்தச் சொல்தான் இப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சீனுவிடம் சொல்லாத பயம் அது. அந்தக் குப்பியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது எனக்கு என்றுமே இல்லாதது. ஆனால் கேஸ்? சிலிண்டர் மாற்றும்போது வரும் அந்த அழுகிய நாற்றம் எனக்கு எத்தனையோ வருடம் தெரிந்ததுதானே. அன்று காலை ஏன் தெரியவில்லை? தெரிய வேண்டியது தெரியவில்லை என்பதும், தெரியவே தெரியாதது தெரியவில்லை என்பதும் வேறு. இந்த வித்தியாசத்தை இந்த ஊரில் யாரிடம் போய்ப் பேசுவேன்? நீ இருந்தால் பேசியிருக்க மாட்டாய். தம்ளரைக் கொண்டா என்றிருப்பாய்.

அதனால் கொண்டுவந்தேன். வெள்ளித் தம்ளர்கள் லாக்கரில் இருக்கின்றன. எவர்சில்வரில் ஒரே மாதிரி மூன்று எடுத்துச் சரசுவை எதிரே உட்கார வைத்தேன். நான் கண்ணை மூடிக்கொள்ள, ஒன்றில் மட்டும் காப்பி டிகாஷன் ஒரு சொட்டு. மூன்று முறையும் சரியாகச் சொன்னேன். பெருங்காயத் தண்ணீர். அதுவும் சரி. கேஸை வைத்துச் சோதிக்க முடியாது. கருப்பு உப்பு இருக்கிறதே, சாட் மசாலாவில் போடுவது, அதைத் தண்ணீரில் கரைத்தால் கேஸின் நாற்றத்துக்குச் சித்தப்பா மகள் மாதிரி ஒரு நாற்றம் வரும். அதைக் கரைக்கச் சொன்னேன்.

முதல் முறை சரி. இரண்டாவது சரி. மூன்றாவது, நான்காவது, எல்லாமே சரி. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி பொங்கியது. சீனுவுக்குப் போன் செய்ய வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது ஒன்று உறைத்தது. நான் சரியாகச் சொல்கிறேன், ஆனால் எனக்கு எந்த வாசமும் வரவில்லை. சரியான தம்ளர் மட்டும் என் கைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது.

"சரசு."

"சொல்லுங்கம்மா."

"நீ முன்னால தள்ளி வெக்கறே."

"இல்லீங்கம்மா, மேசை சாய்வா இருக்குதுங்க."

"சரசு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பின்ன என்னங்கம்மா பண்றது? ஊட்டப் பூட்டிப்போட்டு அந்தப் பெருந்துறைக்குப் போயிருவீங்க. அங்க உங்களுக்குக் காப்பி யாருங்க போடுவா? வித்யாம்மா போடற காப்பி உங்களுக்கு எறங்குமாங்க? நீங்க போயிட்டா நான் எந்த ஊட்டுக்குப் போறதுங்க?"

அவளைத் திட்டவில்லை. தம்ளர்களை வைத்துவிட்டு மேசையைப் பார்க்காமல் கூடத்துக்குப் போய் நிற்கச் சொன்னேன். போனாள். நான் முகர்ந்தேன். மூன்றும் தண்ணீர். ஊகித்துச் சொன்னேன், தவறு. திரும்பச் செய்தோம். தவறு. மறுநாள் காலையும் செய்தோம். கூடத்திலிருந்து அவள், "போதுமுங்கம்மா, விட்டுடுங்க" என்று அழுகிற குரலில் கெஞ்சினாள். அவளுக்கு அங்கே நின்றே அந்த நாற்றம் அடித்ததாம்.

இரண்டு நாட்கள் நான் சும்மா இருந்தேன். யோசித்துப் பார். சீனுவுக்குத் தெரிந்தது குப்பி மட்டும்தான். அந்தக் குப்பி தப்பான சாட்சி. உன் பழைய கல்லூரியில் யாரையாவது பிடித்து, பிறவியிலேயே அந்த வாசம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல வைத்தால் போதும், நான் ஜெயித்துவிடலாம். கருப்பு உப்பு எனக்கும் சரசுவுக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அவள் உயிர் போனாலும் சொல்ல மாட்டாள். வாழ்நாள் முழுக்க நான் இப்படித்தான் ஜெயித்திருக்கிறேன், தெரியாததைத் தெரிந்த முகத்தோடு. ஆனால் இந்த முறை எதிரில் இருப்பது விருந்தாளி இல்லை. கேஸ் குழாய் என் முகத்தைப் பார்த்து ஏமாறாது. சரசுவும் தினம் இந்த வீட்டுக்குள்தான் வருகிறாள்.

சனிக்கிழமை காலை போன் செய்தேன்.

"சீனு, அந்தக் குப்பியை வெச்சு நீ என்னைக் கூட்டிட்டுப் போக முடியாது. அது செல்லாது. ஏன்னு நேர்ல சொல்றேன். என்ற சிநேகிதி மலைக்கு வந்தப்போ நடந்தது அது."

"சரிங்கம்மா" என்றான், ஒத்துக்கொள்ளாதவன் சொல்கிற சரி.

"ஆனா வேற ஒண்ணு இருக்கு. கருப்பு உப்புத் தெரியலை. நானே வெச்சுப் பாத்தேன். கேஸும் அதனாலதான் தெரியலை. முன்னால தெரிஞ்சுட்டிருந்தது. இப்ப இல்ல."

பட்டறையில் எந்திரத்தை நிறுத்து என்று அவன் யாரிடமோ சொல்வது கேட்டது.

"நீங்களே வெச்சுப் பாத்தீங்களாம்மா?"

"பின்ன உங்க டாக்டருக்குக் கருப்பு உப்பு வாங்கத் தெரியுமா?"

"அப்ப வந்துர்றீங்களா?"

"நரம்பு டாக்டருகிட்ட வாரேன். என்னைக்குச் சொல்றயோ அன்னைக்கு. பெருந்துறைக்கு வரலை. அடுப்பை மாத்து, சீனு. ஆளை மாத்தாதே."

அவன் சிரித்தானா அழுதானா என்று போனில் தெரியவில்லை. "நாளைக்கு வாரேனுங்கம்மா" என்றான்.

வந்தான். சிலிண்டரை அவனே தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தான். கையோடு கொண்டுவந்த மின்சார அடுப்பை வித்யா எனக்கும் சரசுவுக்கும் சொல்லிக் கொடுத்தாள். சரசு அதை இன்னும் நம்பவில்லை. நெருப்பே இல்லாமல் பால் எப்படிப் பொங்கும் என்று பக்கத்திலேயே காவல் நிற்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு சீனுவிடம் மூன்று தம்ளர் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "அப்ப அப்பா?" என்று கேட்டான். அப்பாவுக்கும் தெரியாது என்றேன். "அத்தனை வருசம் சுடுதண்ணியை மோந்துட்டா தலையாட்டுனீங்க?" என்றான். ஆமாம் என்றேன். எனக்கே அதைக் கேட்க வினோதமாக இருந்தது.

நரம்பு டாக்டர் என் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு சுருளை வரையச் சொன்னார். கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான், உன்னை முந்தி வாங்கிய ஒரே பரிசு. சுருளை நன்றாகத்தான் வரைந்தேன். இப்போதைக்கு எதையும் சொல்வதற்கில்லை, வயதாலும் மூக்கு மங்கலாம், மழைக்காலம் போகட்டும், மறுபடி வாருங்கள் என்றார். அதுவரை வீடு திறந்திருக்கும் என்று சீனு ஒப்புக்கொண்டான். அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு என்ன என்பதை நாங்கள் இருவரும் பேசவில்லை.

தூக்கம் குறைந்திருக்கிறது. இடது கைச் சுண்டுவிரலைச் சில நேரம் கவனித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். அது ஒன்றும் செய்யவில்லை. செய்யப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ இத்தனை வருடம் தனியாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா? ஒரு நாளும் நான் கேட்கவில்லை. வடை வைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் சரசு வருவதற்கு முன் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்கிறேன். வாசம் இருக்கிறதா இல்லையா என்று, கேட்க ஆளில்லாத அடுக்களையில் வாய்விட்டுச் சொல்கிறேன். ஊகம் கூடாது, பழக்கத்தில் சொல்லக் கூடாது. இன்று இருந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. அது இல்லாமல் போகிற காலையில் குப்பியைத் தூக்கிக்கொண்டு யாரும் என்னைப் பிடிக்க வர வேண்டியதில்லை. சீனுவைக் கூப்பிட்டு நானே சொல்வேன்.